தூரமாகப் போங்கள், யாருக்கும் தெரியாமல் போகாதீர்கள்

கேள்வி:

அக்கா, எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வரன் வந்தது. லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு முறை சந்தித்தோம். எனக்குப் பிடிக்கவில்லை, மரியாதையாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் விடவில்லை. ஜாதகம் பொருந்திவிட்டது, நீ எனக்குத்தான் என்கிறார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்னும் திறந்த தரைத்தளத்தில் நிற்பார். எம்ஆர்டி ரயிலில் பக்கத்துப் பெட்டியில் வருவார். ஓர் எண்ணைத் தடுத்தால் வேறு எண். எல்லாவற்றையும் தடுத்த பிறகு, கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் வங்கிச் சேவை வழியாகப் பத்து காசு அனுப்பி, அதன் குறிப்பில் எழுதுகிறார். போன மாதம் வந்தது: "இன்றைக்குப் பச்சைச் சுடிதாரா?" அன்று நான் பச்சைதான் போட்டிருந்தேன்.

வெளிநாட்டில், மலைப்பகுதியில், ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழு வாரத்தில் கிளம்ப வேண்டும். பெரிய நகரம் காரில் மூன்று மணி நேரம். ஊருக்கு வெளியே தனி வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறேன். போலிசிடம் போகவில்லை. அதுதான் கிளம்பப் போகிறேனே, எதற்கு என்று இருக்கிறது. அம்மா, "தப்பு செஞ்சவன் இங்க நிம்மதியா இருக்கான், நீ ஏன் ஓடணும்" என்று அழுகிறார். நான் ஓடுகிறேனா அக்கா? அங்கே போனால் இந்தப் பயம் போய்விடுமா? வாசலில் ஒரு தக்காளிச் செடி வைக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெயர், வேலை, எந்த நாடு, எந்த ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். அடையாளம் தரும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இதை அவரும் படிக்கலாம் என்று நினைத்தே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. தப்பு அவருடையது என்பதில் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதற்காக நீங்கள் இங்கேயே இருந்து, லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்று நிற்க வாழ்ந்து காட்ட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. இரண்டு வருடம் பொறுத்துவிட்டீர்கள். போகலாம். போவதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நீங்கள் வெறுமனே இங்கிருந்து தப்பிக்க மட்டும் போகவில்லை என்பதற்கு அந்தத் தக்காளிச் செடி வரியே எனக்குப் போதும்.

நீங்கள் போகும் விதத்தில்தான் எனக்குக் கவலை. உங்கள் திட்டம் மூன்று விஷயங்களில் நிற்கிறது: இங்கே புகார் இல்லை, அங்கே யாருக்கும் தெரியாது, வீடு ஊருக்கு வெளியே. மூன்றையும் மாற்றச் சொல்கிறேன்.

புகாரிலிருந்து தொடங்குகிறேன். தூரம் கால்களைத்தான் தடுக்கும். பேநவ் குறிப்புக்கு ஏது எல்லை? சிங்கப்பூரில் இருந்துகொண்டே, அமெரிக்காவில் இருந்த ஒரு பாடகியை ஒருவர் பல ஆண்டுகள் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் மிரட்டிக்கொண்டிருந்தார். 2013ல் இங்குள்ள நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறை கொடுத்தது. அந்தப் பெண் இருந்ததோ உலகின் மறுகோடி. அப்படியும் அவரை நிறுத்தியது கடல் இல்லை, சட்டம்.

அப்போது இதற்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2014ல் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதன் 7ஆவது பிரிவு பின்தொடர்வதையே குற்றம் என்கிறது. அவர் அடித்திருக்கவோ மிரட்டியிருக்கவோ தேவையில்லை. வீட்டருகே சுற்றுவது, பின்னால் வருவது, வேண்டாம் என்ற பிறகும் செய்தியோ பொருளோ அனுப்புவது, கண்காணிப்பது, இவையெல்லாம் திரும்பத் திரும்ப நடந்து உங்களுக்கு அச்சமோ மனவேதனையோ தந்தால் போதும். நிறுத்தச் சொன்ன பிறகும் தினமும் பூ அனுப்புவதை அந்தச் சட்டமே ஓர் உதாரணமாகக் காட்டுகிறது. "பூ அனுப்புறது ஒரு குத்தமா, பாவம் பையன் ஆசையில செய்றான்" என்று சொல்லும் சித்திகளுக்கு இதை எடுத்துக் காட்டுங்கள். தண்டனை 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி செய்தால் இரட்டிப்பு.

தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு இப்போது வேண்டியது, அவர் இனித் தொல்லை தரக்கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு ஆணை. 2021 ஜூன் முதல் அரசு நீதிமன்றங்களில் இதற்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே சிங்பாஸ் என்னும் அரசு மின்னடையாளம் வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரமாக வேண்டுமென்றால் விரைவுப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அதை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் விசாரிக்கப் பார்ப்பார்கள், வன்முறை அபாயம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள். ஆணையை மீறினால் அது தனிக் குற்றம். நான் ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. விண்ணப்பம் எழுதும் முன் புரோ போனோ எஸ்ஜி என்னும் சட்ட உதவி அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

"அதுதான் கிளம்பப் போகிறேனே" என்கிறீர்கள். அதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறேன். சாட்சிகள் இங்கே இருக்கிறார்கள், பேநவ் பதிவுகள் இங்குள்ள வங்கியில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், நீங்கள் போனபின் அவர் எங்கே போய் நிற்பார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? அப்பா அம்மாவின் கதவில்தான். ஆணையில் அவர்களையும் சேர்க்கக் கேட்கலாம், கேளுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. மனுவிலோ விசாரணையிலோ நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது வரவே கூடாது. முகவரி கேட்கும் இடத்தில் பெற்றோர் வீட்டு முகவரி போதும். அதுதான் அவருக்கு ஏற்கெனவே தெரியுமே. ஆணை அவர் கைக்குப் போகும் அந்த ஒரு வாரம் தனியாக நடமாடாதீர்கள். சிலர் காகிதத்தைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள், சிலர் கொதிப்பார்கள். அவர் எந்த வகை என்று நாம் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. அண்ணனோ அப்பாவோ வேலைக்குக் கூட வரட்டும். ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலையில் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

ஆதாரங்களை இந்த வாரமே ஒழுங்குபடுத்துங்கள். ஒரு நோட்டு போதும்: தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். "15ஆம் தேதி, காலை 7.10, வாய்ட் டெக், தபால் பெட்டி பக்கம், எதிர்வீட்டு ஆன்ட்டி பார்த்தார்" என்ற அளவில். அழகாக எழுத வேண்டாம், உணர்ச்சி வேண்டாம். அந்தப் பத்து காசு அறிக்கைகளை வங்கிச் செயலியிலிருந்து எண், தேதியோடு படம் பிடித்து வையுங்கள். ஒன்றையும் அழிக்காதீர்கள், எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும். "இனி என்னைத் தொடர்புகொள்ளாதீர்கள்" என்று எழுத்தில் ஒருமுறை தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால், இப்போது அனுப்புவது பாதுகாப்பா என்று போலிசிடமோ ஆலோசகரிடமோ கேட்டுவிட்டு, ஒரே ஒரு முறை அனுப்புங்கள். பிறகு ஒரு எழுத்துகூடக் கிடையாது. திட்டுவதும் பதில்தான். அவருக்கு வேண்டியது உங்கள் பதில், அது வசையாக இருந்தாலும் மகிழ்ச்சியே.

கைப்பேசி விஷயம். புது எண் வாங்குங்கள், ஆனால் பழைய எண்ணை மூடாதீர்கள். வங்கி, சிங்பாஸ், பேநவ் எல்லாவற்றையும் புது எண்ணுக்கு மாற்றிவிட்டு, பழைய சிம்மை ஒரு பழைய போனில் போட்டு நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வருவதை அவர் சேமித்து வைக்கட்டும், நீங்கள் படிக்கவே வேண்டாம். மூடிவிட்டால் தொல்லை தருபவர் புது வழி தேடுவார், ஆதாரமும் நின்றுபோகும். கிளம்பும் முன் பெட்டி, கைப்பை, ஜாக்கெட் உள்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஏர்டேக் போன்ற, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி ஒன்று உங்களோடு நகர்ந்தால் இப்போது ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் "ஏதோ கோளாறு" என்று தள்ளிவிடாதீர்கள். கருவி கிடைத்தால் தூக்கி எறியாமல் போலிசிடம் கொடுங்கள்.

ஆனால் என் அனுபவத்தில், செய்தி கசிவது பெரும்பாலும் கருவியால் இல்லை, பாசத்தால். சிங்கப்பூர்த் தமிழர் உலகம் சிறியது. வரன் பேசிய தரகர், கோயிலில் பார்க்கும் மாமி, பழைய பள்ளித் தோழி, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "பிள்ளை எங்கேம்மா?" என்று யாராவது அன்பாகக் கேட்பார்கள். அம்மா பெருமையாகச் சொல்லிவிடுவார். அதனால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள்: "வெளிநாட்டுல வேலை, நல்லா இருக்கா." எந்த நாடு என்று கேட்டால், "அவளே வந்து சொல்வா." அவ்வளவுதான். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று அப்பா தயங்குவார். இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பும் படங்களும் அப்படித்தான். பின்னால் தெரியும் மலை, தேவாலயக் கோபுரம், கடைப் பலகை, ஏதாவது ஒன்று போதும் ஊரைக் கண்டுபிடிக்க. படம் அம்மா அப்பாவுக்கு மட்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இல்லை. அம்மா எப்படியும் பருப்புப்பொடி, முறுக்கு என்று பெட்டி கட்டுவார். அதை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம், அந்த ஊர் அஞ்சலகத்தில் ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லை தருபவர் உங்கள் புது முகவரியைத் தேடிப்பிடித்து, தொல்லை தரும் நோக்கத்தோடு எங்காவது வெளியிட்டால், அதுவும் 2020 ஜனவரி முதல் இங்கே குற்றம்.

இனி அந்த ஊர். இங்கேதான் உங்களோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு.

சின்ன ஊரில் மறைந்து வாழலாம் என்று நினைக்கிறீர்கள். மறைந்து வாழச் சரியான இடம் பெருநகரம். கோலாலம்பூரிலோ மெல்பர்னிலோ உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் போகும் ஊரில் முதல் நாள் மாலைக்குள் புதிதாக ஒரு தமிழ்ப் பெண் வந்திருக்கிறாள் என்று பெட்ரோல் நிலையத்துக்காரருக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் தெரிந்துவிடும். வேறு பெயர் வைத்தாலும் அதே கதை. சம்பளச் சீட்டில் ஒரு பெயர், தேநீர் நேரத்தில் ஒரு பெயர் என்று இழுத்துக்கொண்டு திரிவது உங்களைத்தான் களைக்கச் செய்யும். உங்கள் பெயரை அவருக்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. உங்களை எல்லாருக்கும் தெரிகிற ஊரில், அவரும் வந்து இறங்கினால் எல்லாருக்கும் தெரியும். தேக்காவில் ஒருவர் உங்களைப் பற்றி விசாரித்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அந்த ஊரில் ஒரு புது ஆள் உங்கள் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அடுத்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்குச் சேதி வந்துவிடும், யாரிடமாவது நீங்கள் முன்பே சொல்லி வைத்திருந்தால். சொல்லவில்லையென்றால், அதே நல்ல மனிதர்கள் "சிநேகிதர் போலிருக்கிறது" என்று உங்கள் வீட்டையே கைகாட்டி அனுப்புவார்கள். ஒதுக்குப்புறத்தில் ரகசியம்தான் ஆபத்து.

மூன்று பேருக்குச் சொல்லுங்கள். உங்கள் மேலதிகாரி, வீட்டுக்காரர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர், அந்த ஊர் காவல் நிலையம். முழுக் கதை தேவையில்லை. "என் நாட்டில் ஒருவர் இரண்டு வருடம் என்னைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தார். நீதிமன்ற ஆணை இருக்கிறது. இது அவர் படம். யாராவது என்னைக் கேட்டு வந்தாலோ போன் செய்தாலோ, நான் இருக்கிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் எனக்குச் சொல்லுங்கள்." இவ்வளவுதான். கண்ணாடி முன் நின்று நாலு தடவை சொல்லிப் பாருங்கள், முதல் தடவை குரல் நடுங்கும். வேலையிடத்தில் உங்கள் படத்தையோ பெயரையோ இணையத்தில் போடக்கூடாது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் எதுவும் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. "ஒரு மாற்றம் வேண்டும் என்று தோன்றியது" என்பது பொய்யில்லையே.

சிங்கப்பூர் ஆணை வேறு நாட்டில் தானாகச் செல்லுபடியாகாது. ஆனாலும் சான்றளித்த நகல் ஒன்றைக் கொண்டு போங்கள், அங்குள்ள போலிசிடம் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. உங்கள் நாட்டைச் சொல்லாமல், நம்மவர்கள் அதிகம் போகும் இடங்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மலேசியாவில் பின்தொடர்வது 2023 மே முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை. நியூசிலாந்தில் 1997ஆம் ஆண்டுத் தொல்லைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம், அவசர எண் 111. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் ஆணையின் பெயரும் நடைமுறையும் மாறும், அவசர எண் 000. இந்தியாவில் 2024 ஜூலைக்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் சட்டத்தின் 78ஆவது பிரிவின்படி குற்றம், அவசர எண் 112.

அந்தத் தனி வீட்டை விட்டுவிடுங்கள். வாடகை குறைவாக இருக்கும், காட்சி அழகாக இருக்கும், தெரிகிறது. ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீட்டு விளக்கு இல்லாத இடத்தில் இப்போதைக்கு வேண்டாம். ஊருக்குள், தெருவில், சின்ன வீடாக இருந்தாலும் சரி, வாசலில் ஒரு செடிக்கு இடம் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் படுக்கையறையில் நின்று போன் அலைவரிசை கிடைக்கிறதா என்று பாருங்கள். மலைப்பகுதிகளில் வாசலில் கிடைப்பது உள்ளே கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் வைஃபை வழி அழைப்பு வேலை செய்ய வேண்டும், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கார் எடுத்தால் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கடைசியாக, பயம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், போன உடனே போகாது. முதல் சில வாரம் கூடலாம்.

இங்கே இரவில்கூட ஏதோ ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். மேல்மாடியில் நாற்காலி இழுபடும், லிஃப்ட் மணி அடிக்கும், கடைசி ரயில் போகும். அங்கே இருட்டும் மௌனமும். இரண்டு வருடமாகக் காவல் இருந்து பழகிய உடம்பு அந்த மௌனத்தில் ஒவ்வொரு இலை அசைவையும் எண்ணும். தெருவில் ஒரு கார் வேகம் குறைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அப்போது "தப்பான முடிவு எடுத்துவிட்டேன்" என்று தோன்றும். முடிவு தப்பில்லை, உடம்புக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. கதவு, ஜன்னல் தாழ்ப்பாளை ஒருமுறை, அதே வரிசையில் சரிபார்த்துவிட்டுப் படுங்கள். மறுபடி எழுந்து போகத் தோன்றினால், ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பகலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போனால் எளிதில் பின்தொடர்வார்கள் என்பது நீங்கள் இங்கே கற்ற பாடம். அங்கே அந்த மூன்று பேருக்கும் விஷயம் தெரிந்த பிறகு, வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்தில் நீங்கள் காணவில்லையென்றால் தேட ஆள் இருக்கும்.

இரண்டு மூன்று மாதம் கழித்தும் தூக்கம் வரவில்லை, கெட்ட கனவு நிற்கவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை என்றால் அதிர்ச்சிக்கான சிகிச்சை தெரிந்த ஒருவரைப் பாருங்கள். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால் இங்குள்ள ஆலோசகரிடம் காணொளியில் தொடரலாம். அதனால் கிளம்பும் முன்பே ஒருவரைச் சந்தித்துப் பழகிக்கொள்வது நல்லது. தேசிய வன்முறை, பாலியல் தொல்லை எதிர்ப்பு உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவேர் அமைப்பின் பெண்கள் உதவி எண் 1800-777-5555. இரண்டில் ஒன்றை இந்த வாரமே அழையுங்கள். போலிசுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அழுவது நீங்கள் ஓடுகிறீர்கள் என்பதற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இந்த வரனைக் கொண்டு வந்ததே நாம்தானே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள். பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த நோட்டில் அம்மா பார்த்த நாட்களை அம்மாவே எழுதட்டும், நீதிமன்றத்துக்கு அம்மாவும் வரட்டும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரம் தவறி, நீங்கள் சேதியும் அனுப்பவில்லை என்றால், அங்கே யாரை அழைக்க வேண்டும் என்று உங்கள் மேலதிகாரியின் எண்ணை அப்பாவிடம் எழுதிக் கொடுங்கள்.

ஏழு வாரத்தில் இவ்வளவும் முடியுமா என்றால், நாளைக்கே போலிஸ் புகாரோடு தொடங்கினால் பெரும்பாலானவை முடியும். வழக்கு இழுத்தால் வேலையில் சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேளுங்கள். குடும்பத்தில் ஒரு நீதிமன்ற விஷயம் என்று சொன்னால் போதும், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.